வினாக்கொத்துக்குத் தரவு பார்த்துத் தரும் கடை: பதிவுக்குச் சரி, மிச்சத்துக்கு யோசியுங்கள்

கிளிநொச்சியில் ஏ9 வீதியோரம் போட்டோக்கொப்பிக் கடையொன்றின் மேல்மாடியில் எஸ்.பி.எஸ்.எஸ். என்ற புள்ளிவிவர மென்பொருளில் தரவு போட்டுத் தருகிறார்கள். பெயர் வேண்டாம். எம்.எட். ஆய்வுக்காக ஏ.எல். பிள்ளைகளின் பதகளிப்பை (மனப்பதற்றத்தை) அளக்க நானே எழுதிய 22 கேள்வி வினாக்கொத்தோடு போனேன்; ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3 வரை ஒன்றுக்கு வட்டம் போட வேணும். நிரப்பியவர்கள் 180 பேர். கேள்விக்கு 5 முதல் 10 பேர் என்ற வழமையான கணக்குக்குப் போதும். கட்டணம் 12,000 ரூபா.

வேகத்துக்குக் குறை சொல்ல ஏலாது, மூன்றாம் நாளே அட்டவணைகள் கையில். தரவு பதிந்த தங்கச்சி, ஒரு பிள்ளை எல்லாவற்றுக்கும் 2 என்றே வட்டம் போட்டிருந்ததைப் பிடித்து, "மிஸ், இதை என்ன செய்ய?" என்று போன் எடுத்துக் கேட்டார்.

பிரச்சினை குரொன்பாக் அல்ஃபாவில், அதாவது கேள்விகளின் ஒத்திசைவைக் காட்டும் எண்ணில். முதலில் 0.68 வந்ததாம். வழமையாக எதிர்பார்க்கிற 0.7ஐத் தாண்ட வேணுமே என்று என்னைக் கேளாமலே இரண்டு கேள்விகளைத் தூக்கிவிட்டு 0.81 என்று தந்தார்கள். வீட்டில் பார்த்தால் இரண்டுமே "பரீட்சை மண்டபத்தில் அமைதியாக இருப்பேன்" மாதிரி எதிர்ப்பக்கமாகக் கேட்டவை. 0ஐ 3 ஆக, 3ஐ 0 ஆகத் திருப்பிப் போடாமல் விட்டால் அல்ஃபா விழாமல் என்ன செய்யும்? சொன்னதும் முகம் சுளிக்காமல், காசும் வாங்காமல் திருப்பிச் செய்து தந்தார்கள். 22 கேள்வியோடும் 0.83.

அப்புறம், "வலிடேஷன் முழுக்கச் செய்து தருவோம்" என்று, அதாவது வினாக்கொத்து அளக்க வேண்டியதைத்தான் அளக்கிறதா என்று சோதித்துத் தருவதாகச் சொல்வார்கள், நம்பாதீர்கள். கேள்விகள் ஒன்றோடொன்று ஒத்துப்போகின்றனவா என்பதைத்தான் அல்ஃபா சொல்லும்; அளப்பது பதகளிப்பையா, வெறும் படிப்புச் சலிப்பையா என்று சொல்லாது. அதற்கு 2006இல் வந்த ஜி.ஏ.டி-7 என்ற ஏழு கேள்விப் பதகளிப்பு வினாக்கொத்துப் போல ஏற்கெனவே சோதித்த ஒன்றையும் அதே பிள்ளைகளிடம் கொடுத்து ஒப்பிட வேணும், விடைகள் நிலையாக இருக்கின்றனவா என்று இரண்டு கிழமை கழித்துத் திரும்ப நிரப்பிப் பார்க்கவும் வேணும். அதற்கும் முன்னால், கேள்வியில் போடுகிற சொல் பிள்ளைகளுக்கு விளங்குகிறதா என்று பார்க்க வேணும். முல்லைத்தீவுப் பக்கம் முன்னோட்டமாகக் கொடுத்தபோது "ஆசுவாசமாக இருக்க முடிவதில்லை" என்ற இடத்தில் ஒரு பெடியன் கை தூக்கி, "மிஸ், இது வீசிங்கோ?" என்றான். "ஒரே அந்தரமாக இருக்கிறது" என்று மாற்றினேன், பிறகு ஒருத்தரும் கேட்கவில்லை.

தரவுப் பதிவுக்கும் காரணிப் பகுப்பாய்வு (எந்தக் கேள்விகள் ஒன்றாகச் சேர்கின்றன என்று பார்ப்பது) அட்டவணைகளுக்கும் தாராளமாகப் போகலாம். 5க்கு 3. தரவுக் கோப்பைக் கேட்டு வாங்குங்கள், தாங்களாகத் தரமாட்டார்கள். பள்ளிக்கூடம் விட்ட நேரம் மட்டும் போகாதீர்கள், பிரிண்ட் எடுக்கிற பிள்ளைகள் படிக்கட்டு வரைக்கும் நிற்பார்கள்.