இ-கிராம் ஸ்வராஜ் தளம்: ஊராட்சிக் கணக்கைப் பார்க்க எவ்வளவு தூரம் கைகொடுக்கும்?

மத்திய நிதிக்குழு மானியத்தில் உங்கள் ஊராட்சிக்கு எவ்வளவு வந்தது, அதில் எந்த வேலைக்கு எந்தத் தேதியில் எவ்வளவு பட்டுவாடா ஆனது என்பதை யாரையும் கேட்காமல் பார்க்க முடிகிற இடம் இ-கிராம் ஸ்வராஜ். 2020 ஏப்ரல் 24, பஞ்சாயத்து ராஜ் தினத்தன்று மத்திய அரசு தொடங்கிய தளம் இது. அதற்கு முன் திட்டத்துக்கு பிளான்பிளஸ், கணக்குக்கு பிரியாசாஃப்ட், வேலை முன்னேற்றத்துக்கு ஆக்‌ஷன்சாஃப்ட் என்று தனித்தனியாகத் தேட வேண்டியிருந்தது. இப்போது எல்லாம் ஒரே கூரைக்குள் வந்துவிட்டன. அறிக்கைகளைப் பார்க்கக் கட்டணம் இல்லை, லாகின் இல்லை, கேப்சா எழுத்துகளை அடித்தால் போதும்.

கிராம சபைக்குப் போகிற ஒவ்வொருவரும் இதைப் பார்த்துவிட்டுப் போக வேண்டும் என்பதே எங்கள் கருத்து. ஆனால் ஊராட்சிக்கு வரும் பணம் பல வழிகளில் வருகிறது. இந்தத் தளம் உறுதியாகக் காட்டுவது அதில் ஒரு வழியைத்தான். அதை முழுக் கணக்கு என்று நினைத்துக்கொண்டு சபையில் எழுந்து நின்றால், ஊராட்சி செயலரின் ஒரே பதிலில் உட்கார வேண்டியிருக்கும்.

முதலில் உங்கள் ஊராட்சியைக் கண்டுபிடிக்க வேண்டும். பாதிப் பேர் இங்கேயே திரும்பிவிடுகிறார்கள். பட்டா, சிட்டா பார்த்துப் பழகியவர்கள் மாவட்டம், வட்டம், வருவாய் கிராமம் என்று தேடுவார்கள். இந்தத் தளத்தில் வட்டம் என்பதே கிடையாது. மாவட்டம், ஊராட்சி ஒன்றியம், கிராம ஊராட்சி என்ற வரிசையில்தான் இறங்க வேண்டும். வட்டமும் வருவாய் கிராமமும் நிலவரிக்காக ஏற்பட்ட பிரிவுகள். ஒன்றியங்களோ 1958ஆம் ஆண்டு சென்னை பஞ்சாயத்துச் சட்டத்தின் கீழ், அப்போதிருந்த சமுதாய வளர்ச்சி வட்டாரங்களை ஒட்டி அமைந்தவை. ஒன்றிய அலுவலகத்தில் இன்றும் பி.டி.ஓ., அதாவது வட்டார வளர்ச்சி அலுவலர், உட்கார்ந்திருப்பதற்குக் காரணம் அதுதான். இரண்டு எல்லைகளும் ஒன்றோடொன்று பொருந்த வேண்டிய கட்டாயம் எதுவும் இல்லை.

மதுரை மாவட்டத்தை எடுத்துக்கொள்ளுங்கள். வட்டங்கள் 11, ஒன்றியங்கள் 13. கொட்டாம்பட்டிக்காரர் பட்டாவுக்கு மேலூர் வட்டத்தைத் தேர்ந்தெடுக்க வேண்டும், இங்கே கொட்டாம்பட்டி ஒன்றியத்தை. பேரையூர் வட்டத்துக்காரர் இங்கே பேரையூரைத் தேடினால் கிடைக்காது. சேடப்பட்டியா, தே.கல்லுப்பட்டியா என்று தெரிந்திருக்க வேண்டும். பெயர்கள் ஆங்கில அகரவரிசையில் இருப்பதால் தே.கல்லுப்பட்டி ‘டி’யில் இல்லையென்றால் ‘கே’யில் பாருங்கள். மேட்டுப்பட்டி, புதூர் போன்ற பெயர்கள் ஒரே மாவட்டத்தில் பல இருக்கும். அப்போது பெயரை நம்பாமல் உள்ளாட்சிக் குறியீட்டு எண்ணைக் குறித்து வைத்துக்கொள்வது நல்லது. அதை எல்.ஜி.டி. கோடு என்பார்கள். அந்த எண் இருந்தால் அடுத்த ஊராட்சியின் கணக்கைத் தவறுதலாகப் படிக்கும் ஆபத்து இல்லை.

குக்கிராமப் பெயரைப் போட்டுத் தேடுவதும் வீண். தமிழ்நாட்டில் சுமார் 12,500 கிராம ஊராட்சிகளுக்குள் சுமார் 79 ஆயிரம் குக்கிராமங்கள் இருக்கின்றன. சராசரியாக ஓர் ஊராட்சிக்கு ஆறு என்று வைத்துக்கொள்ளலாம். அவற்றில் ஒன்றின் பெயரைத்தான் ஊராட்சி தாங்கியிருக்கும். உங்கள் ஊர் எந்த ஊராட்சிக்குள் வருகிறது என்று தெரியாவிட்டால் வீட்டுவரி ரசீதைப் பாருங்கள், அதில் இருக்கும்.

திட்டப் பட்டியல்

அறிக்கைகள் பகுதியில் திட்டமிடல் என்ற தலைப்பின் கீழ் ஒப்புதல் பெற்ற செயல்திட்ட அறிக்கை இருக்கிறது. நிதியாண்டைத் தேர்ந்தெடுத்து, மாநிலத்தில் தொடங்கி எண்களைச் சொடுக்கிக்கொண்டே இறங்கினால் உங்கள் ஊராட்சி வரும். ஒவ்வொரு வேலைக்கும் ஒரு குறியீட்டு எண், பெயர், விளக்கம், இடம், மதிப்பீடு, எந்த நிதி என்ற விவரங்கள் இருக்கும். இதில் கவனமாகப் பார்க்க வேண்டியது எந்த நிதி என்ற அந்தக் கடைசி விவரத்தை.

பதினைந்தாவது நிதிக்குழு, 2021 முதல் 2026 வரைக்கான ஊரக மானியத்தில் 60 சதவீதத்தை நிபந்தனைக்கு உட்பட்டதாக வைத்தது. அதில் பாதி குடிநீர், மழைநீர் சேகரிப்பு, நீர் மறுசுழற்சிக்கு. மறுபாதி சுகாதாரத்துக்கும் திறந்தவெளி மலம் கழித்தல் இல்லாத நிலையைப் பராமரிப்பதற்கும். எஞ்சிய 40 சதவீதம் பொது மானியம். அதையும் சம்பளத்துக்கோ அலுவலகச் செலவுக்கோ தொடக்கூடாது. ஆகவே மோட்டார் பழுது, பைப்லைன் நீட்டிப்பு, மேல்நிலைத் தொட்டி பராமரிப்பு, உறிஞ்சு குழி, குப்பை வண்டி எல்லாம் நிபந்தனை மானியத்தில் வரலாம். பேவர் பிளாக் தெரு, சிறுபாலம், தெருவிளக்கு எல்லாம் பொது மானியத்தில்தான் வர வேண்டும். நிபந்தனை மானியத்துக்கு நேரே பேவர் பிளாக் என்று கண்டால் அது கேட்க வேண்டிய கேள்வி. ஒரு விலக்கு உண்டு: குடிநீர், சுகாதாரம் இரண்டில் ஒன்றின் தேவை முழுமையாக நிறைவடைந்துவிட்டால் அந்தப் பங்கை மற்றொன்றுக்குச் செலவிடலாம். கேட்பதற்கு முன் அதையும் நினைவில் வையுங்கள்.

பட்டியலில் இருப்பதாலேயே வேலை நடக்கும் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். அதன் பிறகுதான் மதிப்பீடு, தொழில்நுட்ப அனுமதி, நிர்வாக அனுமதி, வேலை உத்தரவு எல்லாம். ஓவர்சியர் அளந்து, எம்-புக் எனும் அளவுப் புத்தகத்தில் பதிந்து, பொறியாளர் சரிபார்த்தால்தான் பில் போகும். முந்தைய ஆண்டில் முடியாத வேலை அடுத்த ஆண்டுப் பட்டியலிலும் தலைகாட்டும். அதைப் பார்த்து இரண்டு முறை போட்ட சாலை என்று முடிவுகட்டிவிடாதீர்கள். குறியீட்டு எண்ணையும் மதிப்பீட்டையும் ஒப்பிட்ட பிறகு பேசுங்கள்.

வவுச்சர்

எங்கள் பார்வையில் தளத்தின் மிகப் பெரிய பலம் இங்கேதான் இருக்கிறது. கணக்கு அறிக்கைகளில் வரவும் செலவும் வவுச்சர் வாரியாக, அதாவது ஒவ்வொரு வரவு செலவுக்கும் ஒரு தனிச் சீட்டாக வரும். எண் பெரும்பாலும் ‘எக்ஸ்விஎஃப்சி/2022-23/பி/12’ என்ற அமைப்பில் இருக்கும். முதலில் இருப்பது பதினைந்தாவது நிதிக்குழு, அடுத்தது நிதியாண்டு, ‘பி’ என்றால் பட்டுவாடா, ‘ஆர்’ என்றால் வரவு, கடைசியில் வரிசை எண். பணம் டிஜிட்டல் கையொப்பத்தோடு பி.எஃப்.எம்.எஸ். எனும் மத்திய அரசின் பணப் பட்டுவாடா தளம் வழியாக நேரே வங்கிக் கணக்குக்குப் போவதால், இங்கே பதிவாகாமல் இந்த மானியத்தைச் செலவழிப்பது கடினம். காசோலைக் காலத்தில் இந்த வசதி ஊர்மக்களுக்குக் கிடையாது.

படிக்கும்போது தடுக்கி விழும் இடம் ஒன்று உண்டு. ஒரே வேலைக்குப் பகுதி பில், இறுதி பில், பிடித்தங்கள் என்று பல வவுச்சர்கள் இருக்கலாம். ஒன்றை மட்டும் பார்த்து மதிப்பீட்டைவிடக் குறைவு என்றோ, எல்லாவற்றையும் தனித்தனி வேலை என்று எண்ணியோ கணக்குப் போட்டால் தப்பாகும். வேலைவாரியாகச் சேர்த்துக் கூட்டுங்கள்.

விளக்கக் குறிப்பின் தரம் ஏமாற்றமாகத்தான் இருக்கிறது. ‘மெயின் ரோட்டில் பைப்லைன் பழுது’ என்ற அளவில் எழுதினாலும் தளம் ஏற்றுக்கொள்கிறது. ஆறு குக்கிராமம் உள்ள ஊராட்சியில் அது எந்த மெயின் ரோடு? குக்கிராமப் பெயரும் தெருப் பெயரும் இல்லாமல் பதிவு செய்ய முடியாது என்று ஒரு சின்ன மாற்றம் செய்தால் இந்தத் தளத்தின் பயன் இரட்டிப்பாகும்.

இதில் கிடைக்காதவை

உங்கள் தெருவில் கண்ணெதிரே போட்ட சிமெண்ட் சாலை ஊராட்சிக் கணக்கில் இல்லையென்றால் பதற வேண்டாம். தமிழ்நாட்டில் பதினைந்தாவது நிதிக்குழு மானியம் கிராம ஊராட்சிக்கு 80, ஒன்றியத்துக்கு 15, மாவட்ட ஊராட்சிக்கு 5 என்ற விகிதத்தில் பிரிகிறது. ஒன்றியத்தின் திட்டத்தையும் மாவட்ட ஊராட்சியின் திட்டத்தையும் தனியாகத் திறந்து பாருங்கள். அங்கேயும் இல்லையென்றால் அது எம்.எல்.ஏ. தொகுதி நிதியாகவோ, அனைத்து கிராம அண்ணா மறுமலர்ச்சித் திட்டமாகவோ இருக்கலாம். நூறு நாள் வேலை, பிரதமர் வீடு, ஜல் ஜீவன் ஒவ்வொன்றுக்கும் தனித் தளம் இருக்கிறது.

வீட்டுவரி, தொழில்வரி, குடிநீர்க் கட்டணம் சேரும் ஊராட்சி நிதி முதல் கணக்கு. மின்கட்டணமும் குடிநீர் வாரியக் கட்டணமும் கட்டுவது இரண்டாம் கணக்கு. இவற்றுக்கு இந்தத் தளத்தை நம்பக் கூடாது. கிராம சபையில் வாசிக்கும் வரவு செலவு அறிக்கைதான் வழி. ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என்று ஆண்டுக்கு ஆறு முறை அந்த வாய்ப்பு வருகிறது.

மக்கள் பிரதிநிதிகள் பட்டியலையும் அப்படியே நம்ப வேண்டாம். 2019 டிசம்பரில் தேர்ந்தெடுக்கப்பட்டவர்களின் பதவிக்காலம் 2025 ஜனவரி 5ஆம் தேதி முடிந்து, அந்த ஊராட்சிகள் தனி அலுவலர்களின் பொறுப்புக்குப் போயின. 2021 அக்டோபரில் தேர்தல் நடந்த ஒன்பது மாவட்டங்களின் பதவிக்காலம் வேறு. தேர்தல் தள்ளிப்போவது பணத்தையும் பாதிக்கும், ஏனென்றால் தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றம் இருப்பது இந்த மானியத்துக்கான நிபந்தனைகளில் ஒன்று.

தமிழும் செயலியும்

2024 ஆகஸ்டில் பாஷினி இயந்திர மொழிபெயர்ப்பு சேர்ந்ததால் தமிழிலும் பார்க்கலாம். தலைப்புகளுக்கு அது போதும். வேலை விளக்கங்களுக்கு ஆங்கிலத்தை வைத்துக்கொள்வதே பாதுகாப்பு, மொழிபெயர்ப்பில் ஊர்ப்பெயர்கள் உருமாறிவிடும். மேரி பஞ்சாயத் செயலி இதே தரவைக் கைப்பேசியில் தருகிறது. சபையில் அந்த இடத்திலேயே எடுத்துக் காட்ட வசதி. நீளமான அறிக்கையை உட்கார்ந்து படிக்கக் கணினிதான் சரி. கிராம் மான்சித்ரா வரைபடம் சொத்துகளின் இடத்தைப் பார்க்க உதவும். ஆனால் ஊராட்சி எல்லையும் வருவாய் கிராம எல்லையும் ஒன்றல்ல என்பதால் புறம்போக்கு, ஆக்கிரமிப்பு விவகாரத்துக்கு அதை ஆதாரமாகக் கொண்டுபோகாதீர்கள். அதற்கு வருவாய்த் துறையின் நிலப் பதிவேடான அ-பதிவேடும், நில அளவைப் படமான புலப்படமும் வேண்டும். குளத்தைப் பற்றிக் கேட்பதாக இருந்தால் ஆயக்கட்டையும், அதாவது அது பாசனம் தரும் பரப்பையும் பாருங்கள்: 100 ஏக்கருக்கு மேல் பாசனம் உள்ள கண்மாய் நீர்வளத்துறையைச் சேர்ந்தது, ஒன்றியத்தை நெருக்கிப் பயனில்லை.

வவுச்சரில் உள்ள வேலை தரையில் இல்லையென்று தெரிந்தால், வவுச்சர் எண், தேதி, வேலைக் குறியீடு மூன்றையும் எழுதி, எம்-புக் நகலும் வேலை உத்தரவு நகலும் கேட்டு ஒன்றிய அலுவலகப் பொதுத் தகவல் அலுவலருக்குத் தகவல் உரிமை மனு போடுங்கள். 10 ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப், 30 நாள் கெடு. எண் இல்லாமல் பொதுவாகக் கேட்ட மனுவுக்குப் பொதுவான பதில்தான் வரும். எண்ணோடு கேட்டால் அந்தப் பக்கத்தைத்தான் எடுத்துக் கொடுக்க வேண்டும். பதில் வரும் வரை தணிக்கைக்கான ஆடிட்ஆன்லைன் தளத்தில் அதே நிதியாண்டின் தணிக்கை அறிக்கையைத் திறந்து, அந்த வேலையின் செலவுக்கு ஏற்கெனவே ஆட்சேபம் எழுப்பியிருக்கிறார்களா என்று பார்த்துவிடுங்கள்.