விசுவமடுவில் விலகிய விரல்

விடுமுறைக்கு நோர்வேயிலிருந்து இலங்கையின் வடக்கிலுள்ள விசுவமடுவுக்குப் போயிருந்தபோது, அக்காவின் 22 வயது மகனுக்குக் கரப்பந்தாட்டத்தில் பந்து விரல் நுனியில் மோதி, மோதிரவிரலின் நடுமூட்டு புறங்கைப் பக்கமாக விலகிவிட்டது. இழுத்துவிட்டால் சரியாகும் என்றார்கள் கூட விளையாடியவர்கள். நாட்டு வைத்தியரான பரியாரியாரிடம் காட்டி எண்ணெய்க் கட்டுப் போடலாம் என்றார் அக்கா. நான் இரண்டுக்கும் உடன்படவில்லை. முன்பு என் சுண்டுவிரலை மைதானத்திலேயே ஒருவர் இழுத்துவிட்டதால், மூட்டினுள் இருந்த முறிவு பல கிழமைகள் கழித்தே தெரியவந்தது. அவ்விரல் இன்றும் முழுமையாக மடங்குவதில்லை.

வீக்கம் ஏறுமுன் மோதிரத்தைக் கழற்றிவிட்டு, ஓட்டோவில் பரந்தன் வந்து, ஏ9 வீதிவழியே ஓர் அரச வைத்தியசாலைக்குப் போனோம். காத்திருப்பு நீண்டது, ஆனால் பார்த்த வைத்தியர் அவசரப்படவில்லை. விரல் நுனியின் இரு பக்கமும் உணர்வு இருக்கிறதா, நகத்தை அழுத்திவிட்டால் இரத்தம் திரும்புகிறதா என்று பார்த்த பிறகே எக்ஸ்றேக்கு அனுப்பினார். நேராக ஒன்று, மற்ற விரல்கள் குறுக்கே விழாமல் சரியான பக்கவாட்டில் ஒன்று. நேர்ப்படத்தில் மறையக்கூடிய விலகலும் சிறு முறிவும் பக்கவாட்டுப் படத்தில் தெரியும் என்றார்.

முறிவு இல்லை. விரலடியில் விறைப்பு ஊசி போட்டு, விரலைச் சற்றுப் பின்வளைத்து இழுத்தபடி, விலகிய எலும்பின் அடியைப் பெருவிரலால் முன்தள்ள, மூட்டு அமர்ந்தது. பிறகு அவனையே மடக்கி நீட்டச் சொல்லி மூட்டு மீண்டும் நழுவுகிறதா என்று பார்த்தார். மறுபடி எக்ஸ்றே எடுத்து, பக்கத்து விரலோடு சேர்த்து ஒட்டினார். ஒரு சதமும் கேட்கவில்லை.

உள்ளங்கைப் பக்கமாக விலகியிருந்தால், விரலை நீட்டும் தசைநாண் கிழிந்திருக்கக்கூடும் என்பதால் சுமார் 6 கிழமை நடுமூட்டை நீட்டியபடியே வைத்திருக்க வேண்டும் என்றும், சுட்டுவிரலின் அடிமூட்டு விலகினால் சில வேளை உள்ளே திசு சிக்கிக்கொள்வதால், வெறுமனே இழுப்பது நிலைமையை மோசமாக்கி அறுவைச் சிகிச்சையில் கொண்டுபோய் விடலாம் என்றும் அவர் விளக்கினார். வெளியே ஒரேமாதிரித் தெரியும் விரல்களுக்கு வெவ்வேறு வைத்தியம் என்பதை அக்கா அப்போதுதான் ஏற்றுக்கொண்டார்.

வீக்கம் மாதக்கணக்கில் நிற்கலாம், அதற்குப் பயந்து விரலை அசைக்காமல் விட்டால்தான் மூட்டு இறுகிப்போகும் என்று வைத்தியர் சொல்லி அனுப்பினார். நான் புறப்பட்ட நாளில் விரல் நுனி உள்ளங்கையைத் தொட இன்னும் ஒரு விரற்கடை இருந்தது. ஒவ்வொரு ஞாயிறும் காணொளி அழைப்பில் அந்த இடைவெளியை எனக்குக் காட்டுகிறான்.