டர்பனில் ஒரு பிற்பகல் நாடகம்: பிளேஹவுஸா, ரம்பலோவா?

பணி ஓய்வு பெற்ற கணவனும் மனைவியுமாக ஒரு பிற்பகலை நாடகத்துக்கென்று ஒதுக்க நினைப்பவர்களுக்கு தென்னாப்பிரிக்காவின் டர்பனில் இரண்டு அரங்குகளை முதலில் சொல்லலாம். நகர மண்டபத்துக்கு எதிரே, முன்பு ஸ்மித் வீதி என்றிருந்த அன்டன் லெம்பேடே வீதியில் நிற்கும் பிளேஹவுஸ் ஒன்று. அம்பிலோ பகுதியில் முன்னாள் படைவீரர் சங்கக் கூடத்தில் நடக்கும் ரம்பலோ மற்றொன்று. இந்திய வம்சாவளியினர் மிகுந்து வாழும் புறநகரான சாட்ஸ்வர்த்திலிருந்து புறப்படும், அறுபதைத் தாண்டிய இணையரை மனத்தில் வைத்தே இவற்றை இங்கு எடைபோடுகிறேன்.

பிளேஹவுஸ் 1935இல் திரையரங்காகத் திறக்கப்பட்டது. பழைய ஆங்கிலேய ஊரொன்றின் வீட்டு முகப்புகளைப் போல அமைந்த உட்சுவர்களும், விண்மீன்கள் மினுக்கும் கூரையும், சுமார் 1,200 இருக்கைகளும் கொண்ட அதன் பெரிய அரங்கில் விளக்குகள் அணையும் தருணமே கட்டணத்தில் பாதிக்கு ஈடாகும் என்பது என் கருத்து. பக்கத்திலிருந்த திரையரங்கையும் சேர்த்து, 1986இல் இது பல அரங்குகள் கொண்ட கலைக்கூடமாக மாறியது. ஆனால் இந்திய வம்சாவளியினரான நம் தலைமுறைக்கு இந்தக் கட்டடம் வேறொன்றையும் நினைவூட்டும். நம் பெற்றோர் காலத்தில் இது வெள்ளையருக்கான இடம். நம்மவர்கள் படம் பார்த்தது கிரே வீதி வட்டாரத்து ஷாஜகானிலும் அவலோனிலும்தான். வெவ்வேறு இனத்தவர் ஓர் அரங்கில் கலந்து அமர்வதை நிறவெறி ஆட்சியின் 1965ஆம் ஆண்டு அரசாணை தடுத்தது. அதே காலத்தில்தான் நாடகாசிரியர் ரோனி கோவிந்தர் போன்றவர்கள் ஷா நாடகப் பயிலகத்தின் வழியே, கிடைத்த கூடங்களில் நம் மக்களின் வாழ்க்கையை மேடையேற்றினார்கள். பிள்ளைப்பருவத்தில் வெளியிலிருந்தே பார்த்த ஒரு வாசலுக்குள், நுழைவுச்சீட்டும் கையுமாக, மனைவியோடு நடந்து போவது எளிய செய்தியன்று. பிளேஹவுஸுக்கு நான் தரும் முதல் மதிப்பெண் இதற்காகவே.

ரம்பலோவுக்கு அத்தகைய வரலாற்றுப் பாரம் இல்லை. அதனாலேயே அங்கு உடலும் மனமும் இலகுவாக இருக்கும். வரிசை இருக்கைகளுக்குப் பதிலாக மேசைகளைச் சுற்றி அமர்கிறார்கள்; வீட்டிலிருந்து சாப்பாடு கொண்டு போகலாம், பானங்களை மட்டும் அங்கேயே வாங்கிக்கொள்ள வேண்டும். காலையில் வைத்த பிரியாணியையும் ஒரு பெட்டி சமூசாவையும் நடுவில் வைத்து, கூட வந்த நண்பர்களோடு பகிர்ந்து உண்டபின் நிகழ்ச்சியைப் பார்க்கும் வசதி பெரிய அரங்குகளில் கிடைக்காது. நீரிழிவுக்காக வேளை தவறாமல் சாப்பிட வேண்டியவர்களுக்கு இது மிகப்பெரிய நன்மை. பெரும்பாலும் பழைய பாடல்களைக் கோத்த இசை நிகழ்ச்சிகளும் நகைச்சுவை நிகழ்ச்சிகளுமே அங்கு நடக்கின்றன. கனமான நாடகமும் நடனமும் வேண்டுவோர் பிளேஹவுஸின் நிகழ்ச்சிப் பட்டியலைத்தான் பார்க்க வேண்டும்.

பயணத்தில் ரம்பலோ முந்துகிறது. சாட்ஸ்வர்த்திலிருந்து வருபவர் நகர மையத்தின் நெரிசலுக்குள் நுழையாமலே அம்பிலோவை அடைந்துவிடலாம். இருவகைப் பயணத்திலும் கவனிக்க வேண்டியது நிகழ்ச்சி முடியும் நேரமே. டர்பனில் குளிர்காலமான ஜூன் மாதத்தில் மாலை 5 மணி கடந்ததும் சூரியன் மறைந்துவிடுகிறது. கோடையான டிசம்பரில் ஏறத்தாழ 7 மணிவரை வெளிச்சம் இருக்கும். ஆகவே குளிர்காலத்தில் 2 மணிக் காட்சியை ஏற்கலாம். 3 மணிக் காட்சி முடிந்து வெளியே வரும்போது, கண்புரை உள்ளவர் இருட்டில் வண்டி ஓட்ட நேரிடும். பிள்ளைகளில் ஒருவரை ஓட்டுநராக அழைத்துக்கொள்ள முடியாதவர்கள் பிளேஹவுஸைக் கோடைக்கு ஒத்திவைப்பதே நல்லது.

பிளேஹவுஸுக்குப் போகிறவர்கள் அதை முழுநாள் பயணமாக ஆக்கிக்கொள்ளலாம். 1910இல் திறக்கப்பட்ட நகர மண்டபத்துக்குள்ளேயே இயற்கை அறிவியல் அருங்காட்சியகமும் அதற்கு மேல்தளத்தில் ஓவியக்கூடமும் உள்ளன. திறந்திருக்கும் நாள்தானா என்று முன்பே விசாரித்துவிட்டுக் கிளம்புங்கள். டோடோ பறவையின் எலும்புக்கூட்டையும் எகிப்திய மம்மியையும் பார்த்துவிட்டுத் தெருவைக் கடந்தால் அரங்கு வந்துவிடும். இருக்கை பதிவு செய்யும்போது மாடிப் பகுதியைத் தவிர்த்துக் கீழ்த்தளத்தில் வரிசையின் ஓர இருக்கைகளைக் கேளுங்கள். முழங்கால் வலி உள்ளவருக்கு இடைவேளையில் எழுந்து நடக்க அது உதவும். இரண்டு இடங்களிலும் முதியோருக்குச் சலுகைக் கட்டணம் உண்டா என்று வாய்விட்டுக் கேட்பதில் தயக்கம் வேண்டாம்.

ஹவர்ட் கல்லூரி வளாகத்தில் குவாசூலு-நேட்டால் பல்கலைக்கழகத்தின் எலிசபெத் ஸ்னெடன் அரங்கும் இருக்கிறது. டர்பன் பன்னாட்டுத் திரைப்பட விழாவின் காட்சிகளால் பெயர் பெற்றது. ஆனால் வளாகம் மேட்டுநிலத்தில் இருப்பதால், வண்டியை எட்ட நிறுத்திவிட்டு ஏற முடிந்தவர்களுக்கே அது ஏற்றது.

இரண்டில் ஒன்றைத்தான் சொல்ல வேண்டுமென்றால், நாடகமே பார்த்துப் பழகாத இணையருக்கும் நான் பிளேஹவுஸைத்தான் முதலில் சொல்வேன், அதுவும் நவம்பருக்கும் பிப்ரவரிக்கும் இடையில். மூட்டுவலி மிகுந்தவர்களும் நான்கைந்து குடும்பங்களாகச் சேர்ந்து போக விரும்புகிறவர்களும் ரம்பலோவில் ஒரு மேசையை முன்கூட்டியே பதிவு செய்துகொள்ளட்டும்.