நாலு கோர் லேப்டாப்பில் துகள் மோதல்: ஜியான்ட்4-ஆ, டெல்ஃபீஸா?

எம்.எஸ்ஸி. புராஜெக்டுக்கு இசட் போசான் என்ற துகள், எலக்ட்ரானும் அதன் எதிர்த்துகளான பாசிட்ரானும் சேர்ந்த இணையாகச் சிதைவதை எடுத்துக்கொண்டேன். மோதலைப் பித்தியா என்ற மென்பொருள் உருவாக்கிக் கொடுத்துவிடும். வெளிவரும் துகள்கள் டிடெக்டரில் எப்படிப் பதிவாகும் என்று கணக்கிட எதை வைப்பது? ஜியான்ட்4, டெல்ஃபீஸ் என்ற இரண்டு மென்பொருள்களில் எது என்று முடிவெடுக்கவே ஒரு மாதம் போனது. காவேரிப்பட்டணம் வீட்டில் இருப்பது நாலு கோர் லேப்டாப் ஒன்று. கடைசியில் டெல்ஃபீஸ் பக்கம் வந்துவிட்டேன்.

நுணுக்கத்தில் ஜியான்ட்4-தான் மேல், அதில் பேச்சே இல்லை. டிடெக்டரில் துகளின் ஆற்றலை அளக்கும் பகுதியான கலோரிமீட்டருக்குள் ஓர் எலக்ட்ரான் நுழைந்தால் ஃபோட்டான்கள் வரும், அவற்றிலிருந்து மறுபடி எலக்ட்ரான்-பாசிட்ரான் இணைகள் வரும். இப்படிப் பெருகும் துகள் மழையில் ஒவ்வொன்றையும் அடிக்கு அடி பின்தொடர்கிறது. நேரத்தைத் தின்பதும் அதுவே. செர்ன் ஆய்வகத்தின் அட்லஸ் போன்ற பெரிய டிடெக்டரில் ஒரு மோதலுக்கே நிமிடக்கணக்கில் ஆகும்.

டெல்ஃபீஸ் அந்த மழைக்குள் போவதே இல்லை. துகளின் உண்மை ஆற்றலை எடுத்து, டிடெக்டரின் அளவீட்டுப் பிழை எவ்வளவோ அவ்வளவுக்கு அதைக் கலைத்துவிடுகிறது. அட்லஸின் மின்காந்தக் கலோரிமீட்டரில் இந்தப் பிழையின் முக்கியப் பகுதி, 10 சதவீதத்தை, ஜிஇவி என்ற அலகில் சொன்ன ஆற்றலின் வர்க்கமூலத்தால் வகுத்தால் வருவது. 100 ஜிஇவி எலக்ட்ரானுக்கு 1 சதவீதம். இப்படி ஒரு சூத்திரத்தோடு முடிவதால் ஒரு மோதலுக்கு மில்லிசெகண்டுகள்தான்.

ஆனால் என்னை இழுத்தது வெறும் வேகம் இல்லை. தப்பு செய்தால் திருத்த எவ்வளவு செலவாகும் என்பதுதான். முதலில் ஜியான்ட்4-இல் நானே ஒரு சின்ன கலோரிமீட்டர் கட்டி, இரண்டு இரவு ஓட்டினேன். மூன்றாம் நாள் பார்த்தால் பித்தியாவில் நான் போட்ட உந்த வரம்பே தவறு. மொத்தமும் மறுபடி. அந்த ஓட்டத்தின் நடுவே மே மாதக் கோடைக் காற்றில் கரண்ட் போய், பழைய பேட்டரியும் கைவிட்டது. டெல்ஃபீஸிலும் அதேபோல் தவறினேன், அதுவும் நான்கு முறை. டிடெக்டரின் அமைப்புகளை எழுதிவைக்கும் கார்டு கோப்பில் ஒரு வரியை மாற்றி ஓட்டிவிட்டு டீ குடித்து வருவதற்குள் புது முடிவு வந்திருக்கும். மாணவன் நூறு முறை தவறுவான். ஒவ்வொரு தவறுக்கும் இரண்டு இரவு என்றால், சந்தேகம் வந்தாலும் சரிபார்க்க மனம் வராது. எனக்குப் பயம் அதில்தான்.

நரம்பு வலையமைப்புகளை வைத்து மழையையே நொடியில் வரையும் வழியும் உண்டு. அட்லஸின் அட்ல்ஃபாஸ்ட்3 என்ற மென்பொருள் அதைப் பயன்படுத்துகிறது. நான் ஓட்டிப் பார்த்ததில்லை. ஆனால் அந்த வலையமைப்பைப் பழக்கவே ஜியான்ட்4 தரவுகள் வேண்டும்.

புது டிடெக்டர் வடிவமைப்பவர்கள் டெல்ஃபீஸை நம்பி இறங்க வேண்டாம். கார்டில் எழுதியதைத்தான் அது திருப்பித் தரும். கலோரிமீட்டரின் ஈயத் தகட்டைத் தடிமனாக்கினால் என்ன ஆகும் என்று அதனிடம் கேட்க முடியாது. அந்த ஒரு கேள்விக்காக மட்டும் ஜியான்ட்4-இல் முன்பு கட்டிய அந்தச் சின்ன கலோரிமீட்டரை வைத்திருக்கிறேன். மோதல் எதுவும் இல்லை, ஒற்றை எலக்ட்ரான்கள் மட்டும், இரவுக்கு ஆயிரம்.