பெய்ரோட்டியோவா, யூசேபியோவா?

ரொனால்டோவைத் தள்ளி வைத்துவிட்டுப் போர்ச்சுகலுக்கு ஒரு கனவுக் கால்பந்து அணி எழுதினால், கோல் அடிக்க முன்வரிசையின் நடுவில் நிற்கும் சென்டர் ஃபார்வர்டு யார்? நண்பர்கள் எல்லோரும் யூசேபியோ என்று எழுதினார்கள். நான் பெர்னாண்டோ பெய்ரோட்டியோ என்று எழுதினேன். இன்றும் மாற்ற மனமில்லை.

யூசேபியோவைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. 1962-ல் கிளப் அணிகளுக்கான ஐரோப்பியக் கோப்பை, 1966 உலகக் கோப்பையில் 9 கோல். அதில் 4 கோல், வட கொரியாவிடம் 0-3 எனப் பின்தங்கிய ஒரே ஆட்டத்தில்.

பெய்ரோட்டியோ 1918-ல் அங்கோலாவில் பிறந்தவர். 19 வயதில் லிஸ்பனின் ஸ்போர்ட்டிங் கிளப்புக்கு வந்து, 1949 வரை அங்கேயே ஆடினார். ‘ஐந்து வயலின்கள்’ என்று கொண்டாடப்பட்ட முன்வரிசையின் நடுநாயகம்.

என்னைப் பொறுத்தவரை முடிவு செய்வது ஒன்றுதான்: ஆட்டத்துக்கு எத்தனை கோல்? யூசேபியோ, லிஸ்பனின் இன்னொரு கிளப்பான பென்ஃபிகாவுக்காக 301 லீக் ஆட்டங்களில் 317. பெய்ரோட்டியோ 197 ஆட்டங்களிலேயே 330-ஐத் தாண்டிவிட்டார். அதாவது மூன்று ஆட்டத்துக்கு ஐந்து கோல்! 12 சீசனுக்கு 197 ஆட்டம்தானா என்று கேட்கலாம். அவர் வந்தபோது லீக்கில் எட்டே அணிகள், சீசனுக்கு 14 ஆட்டங்கள். அதனால் மொத்தத்தைவிட விகிதத்தைப் பார்ப்பதே நியாயம்.

‘அந்தக் காலத் தடுப்பாட்டம் ஓட்டை’ என்பார்கள். லெசா அணிக்கு எதிராக ஒரே ஆட்டத்தில் 9 கோல் அடித்ததைப் பார்த்தால் அதிலும் உண்மை இருக்கிறது. ஆனால் 1948 ஏப்ரலை என்ன செய்வது? அந்த லீக் சீசனின் முதல் மோதலில் பென்ஃபிகாவிடம் 1-3 எனத் தோற்ற ஸ்போர்ட்டிங், பென்ஃபிகாவின் மைதானத்திலேயே 4-1 என வென்றது. நான்கும் பெய்ரோட்டியோ அடித்தவை. கடைசியில் இரு அணிகளுக்கும் சமப் புள்ளிகள். நேருக்கு நேர் மோதியதில் கிடைத்த ஒரே ஒரு கோல் வித்தியாசத்தில் பட்டம் ஸ்போர்ட்டிங்குக்கு. அந்த ஊர்க்காரர்கள் அதை ‘பிரோலிட்டோ பட்டம்’ என்கிறார்கள். பிரோலிட்டோ என்பது நம் கோலி சோடா மாதிரி, கழுத்தில் ஒற்றைக் கோலிக்குண்டு கிடக்கும் பாட்டில்.

சர்வதேச ஆட்டத்தில் மட்டும் என் கை தாழ்கிறது. பெய்ரோட்டியோ நாட்டுக்காக ஆடியது 20 ஆட்டங்கள்தான். போரும் குறுக்கே வந்தது. 1947-ல் இங்கிலாந்திடம் 0-10 எனத் தோற்ற அணியிலும் அவர் இருந்தார். யூசேபியோவின் ஆட்டத்தைப் படச்சுருளில் பார்த்து ரசித்திருக்கிறேன். இவரை எண்களை வைத்தே எடைபோடுகிறேன் என்பதையும் ஒப்புக்கொள்கிறேன்.

31 வயதிலேயே ஓய்வு பெற்றார். விளையாட்டுப் பொருள் கடை வைத்துப் பட்ட கடனை அடைக்க, பிரிவுபசார ஆட்டத்தின் வசூல் தேவைப்பட்டது. 1961-ல் கொஞ்ச நாள் தேசிய அணியின் பயிற்சியாளர் ஆனார். லக்சம்பர்க்கிடம் 2-4 எனத் தோற்ற அந்த ஆட்டத்தில் ஒரு 19 வயதுப் பையனை முதன்முதலாக இறக்கினார். அவன் ஒரு கோல் அடித்தான். யூசேபியோதான்.