மயக்கத்துக்கு வைத்த பேஸ்மேக்கர்: 14 மாதங்களுக்குப் பிறகு

ரேஷன் கடை வரிசையில் நின்றபடியே கண் இருண்டு, படியில் முகம் மோதி முன்பல் இரண்டை இழந்த பிறகுதான், அதுவரை வெயில் கிறுகிறுப்பு என்று தள்ளிவந்ததை இதய மருத்துவரிடம் காட்டினேன். அப்போது எனக்கு 51 வயது. ஓராண்டில் அது ஆறாவது மயக்கம். பலகையில் பட்டைகளால் கட்டி, ஏறத்தாழ 70 பாகைக்கு நிமிர்த்தி நிறுத்தும் டில்ட் சோதனையில் இருபது நிமிடம் ஒன்றும் ஆகவில்லை. நாக்கின்கீழ் இரத்தக் குழாயைத் தளர்த்தும் நைட்ரோகிளிசரின் மருந்தைத் தெளித்த சற்று நேரத்தில் குமட்டலும் வியர்வையும் வந்தன, பிறகு நினைவில்லை. இசிஜித் தாளில் ஏழு நொடிக்கு, இதயம் துடிக்காமல், வெறும் கோடு ஓடியிருந்ததைப் பின்னர் காட்டினார்கள்.

வேசோவேகல் எனப்படும் இவ்வகை மயக்கத்தில், மூளையிலிருந்து இதயத்துக்கு வரும் வேகஸ் நரம்பு துடிப்பை அடக்குவதோடு, இரத்தக் குழாய்களும் தளர்ந்து அழுத்தம் சரிகிறது. இதயத்தை மின்சாரத்தால் தூண்டும் கருவியான பேஸ்மேக்கரால் துடிப்பை மட்டுமே தாங்கிப்பிடிக்க முடியும். துடிப்பைக் கூட்டும் அட்ரோபின் மருந்தைக் கொடுத்து நாடியை மீட்ட பிறகும் நோயாளியின் வெளுப்பு மாறவில்லை என்று 1932-லேயே பிரிட்டிஷ் இதய மருத்துவர் தாமஸ் லூயிஸ் எழுதிவிட்டார்.

எனக்கு வைத்தது இரண்டு அறைக் கருவி. இடது காறை எலும்பின்கீழ் மரத்துப்போக ஊசி போட்டு, லீடு எனப்படும் மின்கம்பிகளில் ஒன்றை இதயத்தின் வலது மேலறையிலும் மற்றொன்றை வலது கீழறையிலும் பதித்தார்கள். கீழறை லீடின் நுனியில் மின்தடை மாறுவதை அளந்து, இதயத் தசை சுருங்கும் விதத்தை அறிந்து, துடிப்பு விழுவதற்கு முன்பே அதை ஏற்றிவிடும் 'குளோஸ்டு லூப்' வகை அது. சும்மா உட்கார்ந்திருக்கையில் நெஞ்சு படபடத்து முதல் மாதம் முழுவதும் பயந்தேன். அது கருவியின் வேலைதான் என்று யாரும் முன்கூட்டிச் சொல்லவில்லை.

வாங்குமுன் ஆய்வுகளைப் படித்தது நல்லதாயிற்று. 2003-இல் வெளியான ஓர் ஆய்வில் 100 பேருக்கும் கருவி பொருத்தி, பாதிப் பேருக்குத் துடிப்பைத் தூண்டாமல் விட்டுப் பார்த்தபோது, இரு பிரிவுக்கும் தெளிவான வேறுபாடு தெரியவில்லை. கருவி வைத்திருக்கிறோம் என்ற நம்பிக்கையே சிலருக்கு மருந்தாகியிருக்கலாம். பிறகு, இதயம் உண்மையிலேயே நின்றுபோவது பதிவானவர்களை மட்டும் தேர்ந்தெடுத்தார்கள். 2021-இல் வந்த பயோசிங்க் ஆய்வில், 40 வயதைக் கடந்த 127 பேரில், கருவி இயங்கியவர்களுள் 16 விழுக்காட்டினருக்கும் இயங்காதவர்களுள் 53 விழுக்காட்டினருக்கும் மயக்கம் திரும்பியது. அந்த ஆய்வுக்குக் கருவி நிறுவனமே பணம் தந்தது என்பதையும் மறக்கக் கூடாது.

என் கணக்கில் 14 மாதங்களில் முழு மயக்கம் ஒரே ஒரு முறை, அதுவும் வயிற்றுப்போக்கில் உடல் வறண்டிருந்த நாளில். மறுவாரப் பரிசோதனையில் கருவியில் குறையேதும் இல்லை. சரிந்தது இரத்த அழுத்தம். "இனி மயக்கமே வராது" என்று மருத்துவமனையில் பேக்கேஜ் பேசியவர் சொன்னது தவறு. இதயம் நிற்பதாகப் பதிவு இல்லாதவர்களுக்கும், கல்லூரி வயதுப் பிள்ளைகளுக்கும் இதை நான் பரிந்துரைக்க மாட்டேன். பத்தாண்டு அளவில் பேட்டரிக்காக மறுபடி கீற வேண்டியிருக்கும். எனக்குப் பணம் வீண் இல்லை. ஆனாலும் வரிசையில் நிற்கும்போது கால்களைப் பின்னித் தொடையை இறுக்கும் பழக்கத்தையும், கையிலுள்ள தண்ணீர்ப் புட்டியையும் இன்னும் விடவில்லை.