‘வெளிவராத ஆர்கெஸ்ட்ரா டேப் இருக்கு அண்ணாச்சி’: 9,500 ரூபாய் போன கதை

பாளையங்கோட்டை, வண்ணார்பேட்டை, டவுன் பக்கம் பழைய படம், பழைய தொடர்களின் பின்னணி இசையைத் தேடிச் சேர்க்கிற கிறுக்கு எனக்கு மட்டும்தான் இருக்கிறது என்று இத்தனை வருஷமாக நினைத்துக்கொண்டிருந்தேன். ஏமாந்த கதையைப் போன வாரம் இரண்டு பேரிடம் சொன்னேன், அதில் ஒருத்தர் முகம் மாறி “உங்களுக்குமா?” என்று கேட்டார். அப்படியானால் இன்னும் பத்துப் பேராவது இருப்பார்கள். அதனால் வெட்கத்தை ஓரமாக வைத்துவிட்டு எழுதுகிறேன். அல்வா ஜோக் மட்டும் யாரும் சொல்ல வேண்டாம், மச்சினன் எல்லாவற்றையும் சொல்லி முடித்துவிட்டான்.

முதலில் எதற்காக ஏமாந்தேன் என்று சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் பைத்தியக்காரத்தனமாகத் தெரியும். இந்தியானா ஜோன்ஸ் படங்கள் எல்லாருக்கும் தெரியும். அந்த ஆள் சின்னப் பையனாகவும் வாலிபனாகவும் உலகம் சுற்றுகிற டிவி தொடர் ஒன்று உண்டு, ‘தி யங் இந்தியானா ஜோன்ஸ் குரோனிக்கிள்ஸ்’. ஜார்ஜ் லூகாஸ் உருவாக்கியது, 1992இல் அமெரிக்காவில் ஏபிசி சானலில் ஆரம்பித்தது. பின்னால் அதையே வெட்டி ஒட்டி 22 முழுநீளப் படங்களாக்கி டிவிடி போட்டார்கள். 2008 கடைசியில் நியூஜெர்சியில் இருந்து லீவுக்கு வந்த அத்தான் அந்த டிவிடி பெட்டிகளைக் கொண்டுவந்தார். அவை அமெரிக்காவுக்கான ரீஜன் 1 டிஸ்க், நம் ஊர் பிளேயர் ரீஜன் 5, போட்டதும் துப்பிவிட்டது. ஒரு மாதிரி கம்ப்யூட்டரில் ஓடவைத்து, ஒரு மழைக்காலம் முழுக்க அதையே பார்த்தேன்.

கதையைவிட என்னைப் பிடித்துக்கொண்டது இசைதான். டிவி தொடர்தானே என்று கீபோர்டை வைத்து ஒப்பேற்றவில்லை, ஒவ்வொரு ஊருக்கும் ஒவ்வொரு காலத்துக்கும் தகுந்த மாதிரி முழு ஆர்கெஸ்ட்ரா. பெரும்பகுதியை எழுதினது இரண்டு பேர்: லாரன்ஸ் ரோசன்தால், ஜோயல் மெக்நீலி. டைட்டில் இசை ரோசன்தாலுடையது. மெக்நீலிக்கு இந்தத் தொடருக்காக 1993இல் அமெரிக்க டிவி விருதான எம்மி கிடைத்தது. ஒரு கதை காசியில் நடக்கும், வருஷம் 1910, பையன் அங்கே கிருஷ்ணமூர்த்தியைச் சந்திப்பான். ஆமாம், அடையாறு கடற்கரையில் பிரம்மஞான சபைக்காரர் லெட்பீட்டர் கண்ணில் பட்ட அதே தத்துவஞானி ஜே. கிருஷ்ணமூர்த்திதான், அன்னி பெசன்ட் அம்மையாரும் வருவார். நம்மூர்ச் சங்கதி ஒன்று அங்கே போய் உட்கார்ந்திருக்கிறதே என்று அந்தக் கதையின் மேல் எனக்குத் தனிப் பிரியம்.

இந்தத் தொடரின் இசை 90களின் முதல் பாதியில் நாலு ஆல்பமாக வந்தது. ஒரு சிடியில் 80 நிமிஷத்துக்கு மேல் ஏறாது. நாலு சிடியையும் முட்ட நிரப்பினாலும் ஐந்தரை மணி நேரம் தாண்டாது. 22 படம், ஒவ்வொன்றும் சுமார் ஒன்றரை மணி நேரம் என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். எவ்வளவு இசை வெளிவராமல் கிடக்க வேண்டும்? இந்த ஏக்கம்தான் என்னை ஏமாற்றினவனுக்கு முதலீடு.

நம்பர் கொடுத்தது இங்கே சவுண்ட் சர்வீஸ் வேலை பார்க்கிற ஒரு தம்பி. அவனைக் குற்றம் சொல்ல மாட்டேன், அவனுக்கும் யாரோ கொடுத்த நம்பர். போனை எடுத்தவன் நம் பக்கத்துப் பேச்சுத்தான் பேசினான், நான் எந்தத் தொடர் என்று சொன்னதும் ஒரு விநாடிகூட யோசிக்கவில்லை.

“இருக்கு அண்ணாச்சி. ஸ்டுடியோ செஷன் டேப்பு. ஜான் வில்லியம்ஸ் சாரே நின்னு கண்டக்ட் பண்ணுனது. லண்டன் ஆர்கெஸ்ட்ரா. வெளிய ஒரு பயகிட்ட கிடையாது.”

இங்கேயே நான் போனை வைத்திருக்க வேண்டும். ஜான் வில்லியம்ஸ் இசையமைத்தது சினிமாவுக்கு, முதல் படத்தை லண்டன் சிம்பொனியை வைத்துப் பதிவு செய்தார். டிவி தொடருக்கு டைட்டில் இசையே வேறு ஆள் என்று மேலே நானே எழுதியிருக்கிறேன் பாருங்கள், அன்றைக்கும் அது எனக்குத் தெரியும். தெரிந்தும் மனசு என்ன சொன்னது தெரியுமா? ‘பாவம், விக்கிறவனுக்கு விவரம் தெரியல, சரக்கு நல்லதா இருக்கும்.’ ஆசை வந்தால் நாமே அவனுக்கு வக்கீலாகிவிடுகிறோம்.

மாதிரிக்கு 40 விநாடி வாட்ஸ்அப்பில் அனுப்பினான். அருமையாக இருந்தது. இருக்காதா பின்னே, அது நாலாவது ஆல்பத்தில் உள்ளது. என்னிடம் முதல் இரண்டுதான் இருந்தன, அதை அவன் பேச்சோடு பேச்சாக முன்னாடியே கேட்டு வாங்கியிருந்தான். “அண்ணாச்சிகிட்ட எத்தனை இருக்கு?” என்று கேட்டபோது ரசிகன் ரசிகனிடம் விசாரிக்கிறான் என்று நினைத்துப் பெருமையாகச் சொன்னேன்.

அட்வான்ஸ் 2,000, ஜிபே. ‘காப்பி ஏறிட்டிருக்கு’ என்று ஒரு ஸ்கிரீன் போட்டோ. அப்புறம் மீதி 4,500. அதோடு விட்டிருந்தாலும் பரவாயில்லை. மறுநாள் காலையில் அவனே கூப்பிட்டு, கண்டக்டர் ஸ்கோர், அதாவது எல்லாக் கருவிக்கும் நொட்டேஷன் எழுதின முழுப் புத்தகம், பிடிஎஃப் ஆக இருக்கிறது, இன்னொருத்தர் 5,000 கேட்கிறார், உங்களுக்கு 3,000 என்றான். நான் எங்கள் சபைப் பாடகர் குழுவில் கீபோர்டு வாசிக்கிறவன். அந்த ஸ்கோரில் நாலு பக்கத்தைப் பார்த்து அரேஞ்ச்மென்ட் கற்றுக்கொள்ளலாமே என்று ஆசை. அனுப்பிவிட்டேன்.

ஆறு நாள் கழித்து கூரியரில் ஒரு பென் டிரைவ் வந்தது, 64 ஜிபி. உள்ளே அழகாக அடுக்கின ஃபோல்டர்கள், வியன்னா 1908, காசி 1910, வெர்டூன் 1916, இஸ்தான்புல் 1918. மொத்தம் 212 ஃபைல். அன்றைக்கு ராத்திரி சாப்பிட்டுவிட்டு ஹெட்போனை மாட்டிக்கொண்டு உட்கார்ந்தேன்.

முதல் ஐம்பது நன்றாகத்தான் இருந்தது. மூன்றாவது ஃபைலிலேயே எங்கேயோ கேட்ட மாதிரி ஓர் உறுத்தல், நீளத்தைப் பார்த்தால் என் சிடியில் உள்ள ஒரு டிராக்கின் நீளம் விநாடி பிசகாமல் அப்படியே. பெயரை மட்டும் மாற்றியிருந்தான். மற்ற இரண்டு ஆல்பத்தின் டிராக் பட்டியலைத் தேடி எடுத்து ஒப்பிட்டேன், ஐம்பத்தி மூன்று ஃபைல் கணக்குத் தீர்ந்தது. கடையில் வந்ததையே எனக்கு ‘வெளிவராதது’ என்று விற்றிருக்கிறான்.

அடுத்த எண்பது ஃபைல்தான் நிஜமான கைவேலை. டிவிடியில் இருந்து ஒலியை எடுத்து, அதில் வசனத்தை மட்டும் அழிக்கப் பார்த்திருக்கிறான். இதற்குப் பெரிய வித்தை வேண்டாம். வசனம் இடது, வலது இரண்டு பக்கமும் ஒரே அளவில் இருக்கும், ஒன்றில் இருந்து ஒன்றைக் கழித்தால் நடுவில் உள்ளது காணாமல் போகும், கரோக்கி செய்கிறவர்கள் காலங்காலமாகச் செய்கிறதுதான், இப்போது குரலைப் பிரிக்க ஏஐ மென்பொருளும் வந்துவிட்டது. ஆனால் போகிறது முழுசாகப் போகாது. வயலின் கூட்டமாக மேலே ஏறுகிற ஓர் இடம், கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தேன், அதற்கு அடியில் ‘ஸ்... ஸ்... ட்’ என்று சாரைப் பாம்பு போகிற மாதிரி ஒரு சத்தம். திரும்பத் திரும்பக் கேட்டபோதுதான் பிடிபட்டது, யாரோ பேசுகிறார்கள், உயிரெழுத்தெல்லாம் கரைந்துபோய் எச்சில் சத்தம் மட்டும் மிஞ்சியிருக்கிறது. கூடவே குதிரைக் குளம்பு, ஒரு கதவு சாத்துகிற சத்தம், தண்ணிக்குள் இருந்து வாசிக்கிற மாதிரி கொழகொழத்த டிரம்பெட். எந்த ஸ்டுடியோவில் ஐயா ஆர்கெஸ்ட்ராவுக்கு நடுவில் குதிரையைக் கட்டிப்போட்டுப் பதிவு செய்வார்கள்?

காசி ஃபோல்டரைக் கடைசிக்கு என்று ஆசையாக ஒதுக்கி வைத்திருந்தேன். திறந்தால் ஒரு புல்லாங்குழல், ஒரு தபேலா, பின்னால் அருவிச் சத்தம். மசாஜ் நிலையங்களில் போடுவார்களே, அந்த யோகா மியூசிக். ஏழு நிமிஷம் ஓடியது. சிரிக்கிறதா அழுகிறதா என்று தெரியாமல் முழுக்கக் கேட்டேன்.

மீதி ஃபைல் எதுவுமே திறக்கவில்லை. போன் பண்ணினால், “உங்க சிஸ்டத்துல கோடெக் இருக்காது அண்ணாச்சி” என்றான். கோடெக் என்றால் அந்த வகை ஃபைலைத் திறந்து பாடவைக்கிற மென்பொருள்.

‘ஸ்டுடியோ தரம், 24 பிட்’ என்று ஃபைல் பெயரிலேயே எழுதியிருந்தான், எல்லாம் ஃபிளாக், அதாவது சத்தத்தின் தரம் குறையாமல் சேமிக்கிற ஃபைல் வகை. ஸ்பெக் என்று ஒரு சின்ன இலவச மென்பொருள் உண்டு, ஃபைலை அதில் இழுத்துப் போட்டால் எந்த அலைவரிசை வரைக்கும் சத்தம் இருக்கிறது என்று படமாகக் காட்டும். நல்ல சிடி என்றால் 20 கிலோஹெர்ட்ஸைத் தாண்டிப் போகும். இவன் கொடுத்ததில் 16இல் கத்தியால் வெட்டின மாதிரி ஒரு கோடு, அதற்கு மேல் ஒரே கறுப்பு. 128 கேபிபிஎஸ் எம்பி3யின் கைரேகை அது. சுருக்கின எம்பி3யை ஃபிளாக் பெட்டிக்குள் போட்டால் ஃபைல்தான் குண்டாகும், போன சத்தம் திரும்பி வராது. ரேஷன் அரிசியைப் பொன்னிச் சாக்கில் கட்டின கதை.

சரி, ஸ்கோராவது மிஞ்சும் என்று பிடிஎஃபைத் திறந்தேன். பார்க்க லட்சணமாக இருந்தது. தங்கச்சி மகள் வயலினில் கிரேடு 5 எழுதப் போகிறாள், அவளைக் கூப்பிட்டு முதல் வயலின் வரியை வாசிக்கச் சொன்னேன். நாலு பார் (தாளக் கட்டம்) வாசித்தாள், நிறுத்தினாள், பேப்பரைக் கிட்டத்தில் வைத்துப் பார்த்தாள்.

“மாமா, இந்த நோட் வயலின்லயே கிடையாது.”

வயலினின் கடைசித் தந்தி ஜி. அதற்குக் கீழே இறங்க இடமே இல்லை. இந்த ஸ்கோரில் அதற்கும் கீழே எஃப் எழுதியிருக்கிறது, ஒரு தடவை இல்லை, பக்கத்துக்கு மூன்று தடவை. புல்லாங்குழல்காரர் பதினேழு பார் மூச்சே விடாமல் ஒரே சுரத்தைப் பிடிக்க வேண்டும். நேராக ஒரு நோட் போட வேண்டிய இடத்தில் அறுபத்துநாலில் ஒரு பங்கு நோட்டுகளை ஒட்டி ஒட்டிப் பூரான் மாதிரி எழுதியிருக்கிறது. மனுசன் எழுதியதே இல்லை, ஏதோ மென்பொருளில் எம்பி3யைக் கொடுத்து அதுவாகக் கக்கியதை அச்சடித்திருக்கிறான். சினிமா, டிவி ஸ்கோர் என்றால் மேலே 3எம்2 என்கிற மாதிரி ஓர் எண் இருப்பது வழக்கம், மூன்றாவது ரீலில் இரண்டாவது இசைத் துண்டு என்று அர்த்தம். செஷன் டேப் என்றால் ஒவ்வொரு டேக்குக்கும் முன்னால் அந்த எண்ணை ஒரு குரல் சொல்கிறதும் அநேகமாகக் கேட்கும். இவனுடைய சரக்கில் இரண்டும் இல்லை. காசு கொடுக்கும் முன்னால் இதைத்தான் கேட்டிருக்க வேண்டும்: அந்தக் குரலோடு ஒரு துண்டு அனுப்பு, ஸ்கோரில் நான் சொல்கிற பக்கத்தை அனுப்பு, அதுவும் வாட்ஸ்அப்பில் வாய்ஸாக இல்லாமல் ஃபைலாக. உண்மையில் வைத்திருக்கிறவனுக்கு அது இரண்டு நிமிஷ வேலை.

திரும்பவும் கூப்பிட்டேன். குரல் மாறிவிட்டது. “அண்ணாச்சி, வெளிவராத டேப்பு வாங்குனேன்னு போலீஸ்ல போய்ச் சொல்லப் போறீயளா? சொல்லுங்க.” வைத்துவிட்டான். அதற்குப் பிறகு நம்பர் போகவில்லை.

அவன் தொழிலே அந்த ஒரு வாக்கியத்தில்தான் நிற்கிறது. உரிமை கம்பெனிக்காரனுடையது, வெளியிடாத டேப்பை எவனோ விற்று நான் வாங்கினால் அது திருட்டுச் சரக்கு. திருட்டுச் சரக்கு ஒரிஜினலாக இல்லை என்று எந்த முகத்தோடு புகார் கொடுப்பது? இந்த நினைப்பில் 19 நாள் சும்மா இருந்தேன். அது இன்னொரு முட்டாள்தனம். சைபர் மோசடிப் புகாருக்கான 1930க்குக் கூப்பிட்டுச் சொல்லலாம், எவ்வளவு சீக்கிரம் சொல்கிறோமோ அந்த அளவுக்குப் பணம் அடுத்த கணக்குக்குத் தாவும் முன்னால் நிறுத்த வாய்ப்பு உண்டு. நான் கடைசியில் நடந்ததை நடந்தபடியே சொல்லிப் பதிவு செய்தேன். என்னை யாரும் திட்டவில்லை. பணம் வரும் என்கிற நம்பிக்கையும் எனக்கு இல்லை.

இதோடு முடிந்தது, பென் டிரைவாவது லாபம் என்று நினைத்தேன். அதை முழுக்க அழித்துவிட்டு, பாடகர் குழுவின் லெந்துகாலப் பயிற்சிப் பதிவுகளை அதில் ஏற்றினேன், போனில் இடமில்லை என்று போனில் இருந்ததையும் அழித்தேன். ஈஸ்டருக்கு முந்தின சனிக்கிழமை கோயிலில் ஸ்பீக்கரில் மாட்டினால் நாலு குரல் பகுதியில் சோப்ரானோ மட்டும் பாடியது, அதற்குப் பிறகு ஒன்றுமே திறக்கவில்லை. அப்போதுதான் உறைத்தது. 64 ஜிபி என்று காட்டுகிற 8 ஜிபி பென் டிரைவ். எட்டுக்கு மேல் போடுகிறதெல்லாம் பெயர் தெரியும், அளவு தெரியும், உள்ளே ஒன்றும் இருக்காது. அவன் சொன்ன கோடெக்கும் இதுதான்.

ஆல்டோ, டெனர், பேஸ் மூன்றும் போச்சு. சபைப் போதகர் ஐயரவாள் “பரவாயில்ல தம்பி” என்று சொல்லிவிட்டார். ஆல்டோ அக்காமார் இன்னும் முகம் கொடுத்துப் பேசவில்லை.